காய்ச்சல் போய்விட்டது, பலம் வரவில்லை!

ஆஸ்பத்திரியில் பல நாள் படுக்கை. மூக்கில் பிராணவாயுக் குழாய். பிறகு ஒரு நாள் டாக்டர் சிரித்த முகத்துடன் வந்து, "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள். தெருவே வந்து நலம் விசாரிக்கிறது.

மறுநாள் காலை குளியல் அறை வரை பத்து அடி நடக்கிறார். மூச்சு வாங்குகிறது. கால் நடுங்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இனி நான் பழைய ஆள் ஆவேனா?" என்று கண் கலங்குகிறார்.

கொரோனா பரவிய 2020, 2021-ம் ஆண்டுகளில் இந்தக் காட்சியை எத்தனையோ வீடுகள் கண்டன. வேறு கடுமையான விஷக் காய்ச்சல் வந்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இதே கதைதான்.

கிருமி போய்விட்டது. பலம் எங்கே போயிற்று?

படுத்தே கிடந்த 5 வாலிபர்கள்

1966-ம் ஆண்டு அமெரிக்காவில், டல்லாஸ் நகரில், ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. 20 வயது வாலிபர்கள் 5 பேரை டாக்டர்கள் அழைத்தார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. "20 நாள் படுக்கையிலேயே கிடக்க வேண்டும்" என்பதுதான் அவர்களுக்கு இட்ட வேலை!

20 நாள் முடிந்ததும் பரிசோதித்தார்கள். பிராணவாயுவைப் பயன்படுத்தும் உடலின் சக்தி, கால் பங்குக்கு மேல் குறைந்து போயிருந்தது. பிறகு சுமார் 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். இழந்த சக்தி திரும்பிவிட்டது.

30 ஆண்டு கழித்து, அதே 5 பேரையும் மறுபடி பரிசோதித்தார்கள். 30 ஆண்டு வயதானதால் குறைந்த சக்தியைவிட, அன்று 20 நாள் படுத்திருந்ததால் குறைந்த சக்தி அதிகமாக இருந்தது!

நோய் இல்லாத வாலிபர்களுக்கே இந்தக் கதி. நோயாளியோ காய்ச்சலில் அடிபட்டவர். சரியாகச் சாப்பிடவில்லை. கொரோனாவில் உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் தசையைத் தளர்த்தக்கூடியது. மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டும் காரணம் அல்ல. இளைத்துப்போன தொடைத் தசையும் காரணம்.

இரண்டு தவறுகள்

முதல் தவறு, பாசத்தினால் வருவது. "அசையாதே, படுத்துக்கொள்" என்று தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பலம் மேலும் குறைகிறது.

இரண்டாவது தவறு, ஆசையினால் வருவது. ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கும். உடனே மாடி ஏறி, கடைக்குப் போய், எல்லா வேலையையும் முடித்துவிடுகிறார். அடுத்த 3 நாள் எழுந்திருக்க முடிவதில்லை.

வீட்டுத் தலைவிக்கு இந்த இரண்டாவது தவறு ஆசை இல்லாமலே வந்துவிடும்! அடுப்பு அவளுக்காகக் காத்திருக்கிறது. மாவு ஆட்டுவதும் துணி துவைப்பதும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். இதை வீட்டில் உள்ள ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மூச்சு

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2020-ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. 2021-ல் அதைத் திருத்தி வெளியிட்டது. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் வீட்டில் தாங்களே செய்துகொள்ள வேண்டியவை அதில் இருக்கின்றன.

மூச்சு வாங்கினால் பயப்படக் கூடாது. பயந்தால் இன்னும் வாங்கும். மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் தலையணை வைத்து, முன்னால் சாய்ந்து தலையை அதில் வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது வாங்கினால், சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கலாம்.

ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக மெல்ல இழுத்து, வாய் வழியாக மெல்ல விடுங்கள். வயிறு ஏறி இறங்க வேண்டும்.

வாளி தூக்கும்போதும் படி ஏறும்போதும் ஒரு தந்திரம் உண்டு. தூக்குவதற்கு முன்பு மூச்சை இழுக்க வேண்டும். தூக்கும்போது விட வேண்டும். பலர் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குகிறார்கள். அதனால்தான் திணறல்.

உங்களுக்கு நீங்களே மார்க்

எவ்வளவு பயிற்சி செய்யலாம்? இதற்கு ஒரு மார்க் முறை உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் போர்க் வகுத்தது. சிரமமே இல்லை என்றால் 0. இதற்கு மேல் முடியவே முடியாது என்றால் 10. பள்ளிக்கூடத்து மார்க் அல்ல. இதில் குறைந்த மார்க் வாங்குபவரே கெட்டிக்காரர்!

முதல் கட்டத்தில் 1-ஐத் தாண்டக் கூடாது. மூச்சுப் பயிற்சி, கை கால் நீட்டுதல், மெதுவான நடை, அவ்வளவுதான். அடுத்த கட்டம் 2 அல்லது 3. வீட்டுக்குள் நடை, சின்னச் சின்ன வேலை. அதற்கு அடுத்தது 4 அல்லது 5. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும். முடியவில்லை என்றால் ஒரு கட்டம் கீழே இறங்க வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் தேறியதும் தசைக்குப் பயிற்சி தொடங்கலாம். பெரிய கருவி எதுவும் தேவை இல்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். தோப்புக்கரணம் போல வேகமாக அல்ல! முதலில் 3 முறை, 4 முறை. நாள் ஆக ஆக 10 முறை. நாற்காலியைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்கலாம். சுவரில் இரு கையையும் ஊன்றி, சாய்ந்து, தள்ளி நிமிரலாம். தண்ணீர் நிறைத்த சின்ன பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டலாம். வாரத்துக்கு 3 நாள் போதும். முன்னும் பின்னும் 5 நிமிஷம் மெதுவான நடை.

யாருக்கு ஆகாது?

சிலருக்குப் பயிற்சி செய்யும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ அடித்துப் போட்டதுபோல் சோர்வு வரும். அது சில நாள் நீடிக்கும். இவர்கள் "பழகினால் சரியாகிவிடும்" என்று பயிற்சியைக் கூட்டினால் நோய் முற்றும். இவர்களுக்கு ஓய்வுதான் மருந்து; அன்றாட வேலையையும் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இது சோம்பல் அல்ல. வீட்டார் குத்திப் பேசக் கூடாது.

நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், மயக்கம் வந்தாலும், உட்கார்ந்த பிறகும் மூச்சுத் திணறல் அடங்காவிட்டாலும் உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் பிராணவாயு மானி 92-க்கோ அதற்குக் கீழோ காட்டினால் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். முன்பே நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு வேறாக இருக்கலாம். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களும் இருதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். தாத்தாவோ அம்மாவோ இன்று எவ்வளவு நடந்தார், எத்தனை மார்க், மறுநாள் உடம்பு எப்படி இருந்தது என்று அது எழுதிவைக்கட்டும். வாசல் வரை நடந்ததற்கு முதல் வாரம் 5 மார்க் இருக்கும். சில வாரம் கழித்து, அதே வாசலுக்கு 2 மார்க் என்று பிள்ளை எழுதும்.