ஒரு டேட்டா பேக், வீட்டில் மூன்று கைபேசி: வீணாகாமல் பங்கிடும் முறை

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், சாலவாக்கம் சுற்றுவட்டாரம் ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிய பகுதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் நெல் பயிராகும் மாவட்டம் இது. சம்பா அறுவடையும் நவரை நடவும் அடுத்தடுத்து வரும் தை மாதத்தில் விவசாயிக்கு ஆள் தேவை, தண்ணீர் தேவை, பணம் தேவை. இப்போது இவற்றோடு கைபேசி டேட்டாவும் சேர்ந்துகொண்டது.

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையவழி முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. விதை இருப்பு, இயந்திர வாடகை, சந்தை விலை ஆகியவற்றை அறிய 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலி இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் மேகதூத் செயலி மழை நிலவரத்தையும், தாமினி செயலி இடி மின்னல் எச்சரிக்கையையும் தருகின்றன. பட்டா, சிட்டா எடுப்பதும் இணையத்தில்தான். களத்தில் குவித்த நெல்லுக்கு முன்பதிவு ஒரு நாள் தள்ளிப்போய், அன்றிரவே மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் ஏறிவிடும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதலில் சிக்கல்தான்.

செலவு எங்கே ஏறுகிறது?

விவசாயி, மனைவி, படிக்கும் மகன் அல்லது மகள் என்று ஒரு வீட்டில் மூன்று கைபேசிகள் இருப்பது இன்று சாதாரணம். மூன்றுக்கும் தனித்தனியே டேட்டா பேக் போடும் வழக்கமும் பரவலாக உண்டு. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, நாளொன்றுக்கு 1 முதல் 1.5 ஜிபி வரை தரும் 28 நாள் பேக் 299 ரூபாய் ஆயிற்று. அந்தக் கணக்கில் மூன்று கைபேசிக்கு 28 நாளுக்கு 897 ரூபாய்.

இதைக் குறைக்க வழி உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட பேக்கை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்பதே அது. அதன்படி 2025 ஜனவரியில் பெரிய நிறுவனங்கள் இரண்டு, 84 நாளுக்குச் சுமார் 450 முதல் 470 ரூபாய் விலையில் இத்தகைய பேக்குகளை வெளியிட்டன. 28 நாளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 150 ரூபாய்தான்.

ஒரு கைபேசிக்கு 299 ரூபாய் டேட்டா பேக், மற்ற இரண்டுக்கும் பேச்சு பேக் என்று வைத்தால் 28 நாளுக்குச் சுமார் 600 ரூபாயில் அடங்கும். மிச்சம் 300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஓராண்டில் 13 முறை ரீசார்ஜ் வருவதால் சுமார் 3,800 ரூபாய் கையில் நிற்கும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், ரீசார்ஜ் செய்யும் நாளில் உள்ள விலையைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். பேச்சு மட்டும் உள்ள பேக் கடைக்காரர் தாமாகச் சொல்லாத ஒன்று. பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

பங்கிடுவது எப்படி?

டேட்டா உள்ள கைபேசியில் 'ஹாட்ஸ்பாட்' என்ற வசதி இருக்கிறது. அதைத் திறந்தால் அந்தக் கைபேசியே ஒரு சிறு வைஃபை நிலையம் ஆகிவிடும். மற்ற கைபேசிகளும் கணினியும் கடவுச்சொல் கொடுத்து அதில் சேர்ந்துகொள்ளலாம். கணினிக்கு மட்டும் தேவையென்றால் சார்ஜர் கம்பியால் கைபேசியைக் கணினியோடு இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' முறையில் கொடுக்கலாம். இதில் கைபேசிக்குச் சார்ஜும் ஏறும்.

ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4, 5 என்று இரு அலைவரிசைகள் காட்டும் கைபேசிகளில் 2.4-ஐத் தேர்ந்தெடுத்தால் சுவர் தாண்டிய அறைக்கும் ஓரளவு எட்டும். ஹாட்ஸ்பாட் ஓடும்போது கைபேசி சூடாகும், பேட்டரி விரைவாக இறங்கும். ஆகவே தலையணை அடியிலோ சட்டைப் பையிலோ வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

ஒழுகும் மடை

மதகு சரியாக இருந்தும் மடை ஒழுகினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ஹாட்ஸ்பாட்டிலும் அப்படி ஓர் ஒழுகல் உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை.

ஹாட்ஸ்பாட்டில் சேரும் கைபேசியில் உள்ள பல செயலிகள், தாம் அளவில்லாத வைஃபையில் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. உடனே வாட்ஸ்அப் குழுக்களில் வந்த படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்கத் தொடங்கும். செயலிகள் புதுப்பித்துக்கொள்ளும். எடுத்த புகைப்படங்கள் இணையச் சேமிப்புக்கு ஏறும். கணினியோ விண்டோஸ் புதுப்பிப்பைப் பின்னணியில் இறக்கும். யாரும் எதையும் பார்க்காமலேயே காலையில் கிடைத்த 1.5 ஜிபி உச்சிக்குள் தீர்ந்துவிடும்.

நாள் அளவு தீர்ந்தால் இணைப்பு அறுந்துபோவதில்லை. பல பேக்குகளில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறைகிறது. அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு பக்கம் திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கொள்முதல் முன்பதிவுப் பக்கத்தில் ஓடிபி எண்ணை இடுவதற்குள் அதன் நேரம் கடந்துவிடலாம். பணம் கொடுத்து வாங்கிய பேக்கில் விவசாயியே கடைமடைக்காரர் ஆகிவிடுகிறார்.

அடைக்கும் வழி

1. சேரும் கைபேசியில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு, அதன் விவரத்தில் 'மீட்டர்டு' என்று மாற்ற வேண்டும். அளந்து கொடுக்கும் இணைப்பு என்பது இதன் பொருள். சில கைபேசிகள் இதைத் தாமே கண்டுகொள்ளும். எல்லாக் கைபேசியும் அப்படியல்ல.

2. விண்டோஸ் கணினியிலும் வைஃபை அமைப்பில் இதே 'மீட்டர்டு' பொத்தான் உண்டு. அதைப் போட்டால் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும்.

3. வாட்ஸ்அப்பில் சேமிப்பு, டேட்டா பகுதிக்குச் சென்று, வைஃபையில் தாமாக இறங்குவதையும் நிறுத்த வேண்டும். மொபைல் டேட்டாவுக்கு மட்டும் நிறுத்தினால் போதாது.

4. வீடியோவின் தரத்தைக் குறைக்க வேண்டும். 720 தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி அல்லது அதற்கு மேலும் போகும். 480-ல் அதில் ஏறத்தாழ பாதி. பயிர் நோய் பற்றிய விளக்கத்துக்கு 360 தரமே போதும்.

5. கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் முதல் கேள்வி சிம்முக்கு உரியவரிடமே வரும்.

6. வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைக்க வேண்டும். பல கைபேசிகளில் தானாக அணையும் வசதி இருக்கிறது.

டேட்டா யாருடைய சிம்மில்?

பங்கிடுவது ஒரு கூரையின் கீழ் இருப்பவர்களுக்கே ஒத்துவரும். டேட்டா உள்ளவர் கழனிக்குப் போய்விட்டால் வீட்டில் இணையம் இல்லை. ஆகவே கழனியில் மழை நிலவரமும் சந்தை விலையும் பார்க்க வேண்டிய விவசாயியின் சிம்மில் டேட்டாவை வைத்து, வீட்டார் காலையிலும் மாலையிலும் பயன்படுத்துவது ஒரு முறை. வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது உதவாது. அவருக்குத் தனிப் பேக்தான் வேண்டும். வைஃபை வசதியே இல்லாத பொத்தான் கைபேசிகளும் இதில் சேரா.

அளவில்லா 5ஜி என்று விற்கும் பேக்கை நம்புமுன், ஊரில் 5ஜி அலை வருகிறதா, கைபேசி அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் செலவாவது 4ஜி நாள் அளவே.

மோட்டார் சிம்மை மறவாதீர்

கைபேசி மூலம் பம்புசெட்டை இயக்கும் கருவி வைத்திருப்போர், அதில் உள்ள சிம்முக்கும் டேட்டா பேக் போட்டு வருவதுண்டு. அழைப்பாலும் குறுஞ்செய்தியாலும் இயங்கும் கருவிக்கு டேட்டா தேவையில்லை. பேச்சு பேக்கே போதும். அதே சமயம் அந்த சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படலாம். மழைக்காலத்தில் மோட்டார் ஓடாத மாதங்களிலும் இடையிடையே அதிலிருந்து ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ போக வேண்டும்.

ஒரு வாரக் கணக்கு

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கிறது. பொதுவில் உள்ளதற்கு மேற்பார்வை வேண்டும் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. டேட்டா உள்ள கைபேசியின் அமைப்பில், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்பதோடு ஹாட்ஸ்பாட் வழியே போன அளவும் தனியாகக் காட்டும். ஏழு நாள் இரவில் அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வந்தால், ஒழுகல் அந்தக் கைபேசியிலேயா, ஹாட்ஸ்பாட் வழியேயா என்று தெரிந்துவிடும். தை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே, மார்கழியில் இதைச் செய்து முடித்துவிடுவது நல்லது.