உற்சாகமுள்ளவர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள்?



"ஊழிய வாஞ்சையோடு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவர்கள் எப்படிச் சோர்ந்துபோவார்கள்?" என்று நாங்கள் சபைகளுக்கு வரும்போது சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆபத்து அந்த வாஞ்சையை ஒட்டியே வருகிறது.

இதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். விறகு எரிந்து தணிந்து சாம்பலாவதைப் போன்றது. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனநல அறிஞர் நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் சேவை செய்துவந்தார். அர்ப்பணிப்பு மிகுந்தவர்களே இதில் எளிதாக விழுகிறார்கள் என்று 1974-ல் எழுதினார். அவரும் அதில் விழுந்து எழுந்தவர்தான்.

காரணம் எளிது. சோம்பேறி தன் பெலத்துக்கு மிஞ்சி உழைப்பதில்லை. வாஞ்சையுள்ள நர்ஸோ, "நான் போய்விட்டால் இவர்களை யார் பார்ப்பார்?" என்று நைட் டியூட்டி முடிந்த கையோடு காலை டியூட்டியையும் ஏற்றுக்கொள்கிறார். முதலில் உடல் களைக்கிறது. பிறகு மனம் விலகுகிறது. பெயர் சொல்லி விசாரித்த நோயாளி வெறும் 'ஏழாம் பெட்' ஆகிவிடுகிறார். கடைசியில், "நான் செய்வதால் யாருக்கு என்ன பயன்?" என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட பட்டியலும் இம்மூன்றையே அடையாளங்களாகச் சொல்கிறது. அது இதை நோய் என்று சொல்லவில்லை. சரிசெய்யப்படாத வேலைப் பளுவினால் வருவது என்கிறது. ஆகவே ஊழியரை மட்டும் குறைசொல்ல இடமில்லை.

விருப்பத்தோடு உழைப்பது வேறு, மறுத்தால் குற்றவாளியாகிவிடுவோம் என்று பயந்து உழைப்பது வேறு. வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். களைத்தவருக்கு அர்ப்பணிப்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்தால் அந்தப் பயந்தான் வளரும். (பிரசங்கிகளாகிய எங்களுக்கு இது கசப்பான மாத்திரை.)

1 இராஜாக்கள் 19-ஐ வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை வைராக்கியமாய் நின்ற எலியா, சூரைச்செடியின் கீழே சாவை விரும்பிப் படுத்திருக்கிறார். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். ஓரேபுக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

மருத்துவமனையில் அந்த அப்பமும் தூக்கமும் எவை? தவறாத வார ஓய்வு, டியூட்டி அட்டவணை போடும்போது ஊழியரின் சொல்லுக்கும் ஓர் இடம், விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக நிற்க ஒரு நர்ஸ். முதல் இரண்டுக்கும் பணம் அதிகம் வேண்டாம். மூன்றாவதற்குச் சம்பளம் வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்தில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கலாம்; மாற்று நர்ஸின் சம்பளத்தில் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது. ஆனாலும் இம்முறை அந்தக் காணிக்கையைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.