விட்டதைப் பிடிக்க நினைப்பவரின் வீட்டாருக்கு

ஆன்லைனில் காசு வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெயர்பெற்ற ரம்மி ஆப்களும் கிரிக்கெட் டீம் போடும் ஆப்களும் பண ஆட்டத்தை உடனே நிறுத்திக்கொண்டன. இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்த வீடுகள் உண்டு. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி ஒழிந்தபோதும் அப்படித்தான் நினைத்தோம். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தோரணமாகத் தொங்கிய சீட்டுகள் மறைந்தன. ஆனால் கேரளச் சீட்டும் மூணு நம்பர் லாட்டரியும் விற்றவர் கைது என்ற செய்தி திண்டுக்கல் பக்கம் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போது அந்த ஆப்களின் இடத்துக்கு டெலிகிராமில் லிங்க் அனுப்பும் வெளிநாட்டு பெட்டிங் தளங்கள் வந்திருக்கின்றன.

கடையை மூடுவது அரசாங்கத்தின் வேலை. ஆடியவர் நிறுத்துவதும், நிறுத்தியபின் திரும்பாமல் இருப்பதும் வேறு வேலை. அதை ஒற்றை ஆளாகச் செய்து முடித்தவர்கள் குறைவு.

விஷயம் வெளியே வந்ததும் நம் வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அழுகை, சண்டை, பிறகு கோயிலில் சத்தியம். அடுத்த வாரமே நகையை விற்று முழுக் கடனையும் ஒரே மூச்சில் அடைத்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் இதில் கடைசிப் படி தப்பு என்றே சொல்வேன். கடன் தீர்ந்த மறுநாள் அதே கடன்காரர் மறுபடி கொடுக்கத் தயாராகிவிடுவார். ஆடியவர் மனதிலோ ‘விட்டத பிடிச்சுட்டு நிறுத்திர்றேன்’ என்ற கணக்கு அப்படியே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. சத்தியத்தால் சர்க்கரை நோய் குறைவதில்லை, இதுவும் அப்படித்தான்.

1957-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘கேம்ளர்ஸ் அனானிமஸ்’ குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. சூதை விட்டுப் பல காலமான உறுப்பினர்கள் சிலர், புதிதாக வந்தவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒன்று விடாமல் தாளில் எழுத வைப்பார்கள். வீட்டுச் செலவு, வாடகை, பிள்ளைகள் படிப்பு முதலில். மிச்சத்தில் கடன்காரர் ஒவ்வொருவருக்கும் மாதம் இவ்வளவு என்று பிரிப்பார்கள். மொத்தமாக அடைக்கச் சொல்வதில்லை. பணம் மனைவி கைக்குப் போகும். ஆடியவரே மாதாமாதம் உழைத்துக் கட்டுவார்.

பக்கத்தில் அப்படிக் குழு இல்லையென்றாலும் இதைச் செய்யலாம். கத்தாத ஒரு தாய்மாமன், ஊருக்குள் வாய் விடாத ஒரு நண்பர், மனைவி அல்லது அம்மா போதும். வேடசந்தூர் பக்கம் மில்லில் வேலை என்றால் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டில் இருக்கட்டும், போனிலிருந்து யுபிஐயை நீக்கிவிடுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் விஷயம் கடினம், அவர் கையில் தினமும் ரொக்கம் புரளும். வசூலை அன்றன்றைக்கே எண்ணி வாங்க ஆள் வேண்டும். அவமானமாகத்தான் இருக்கும். முதல் சில மாதங்களுக்கு அந்த அவமானமே காவல்.

கடன்களில் எதைக் கட்டியாக வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். பந்தயத்தில் தோற்ற பணத்தைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அதைச் செல்லாது என்கிறது. ஆனால் ஆடுவதற்காக வேறொருவரிடம் வாங்கிய கைமாற்று கடன்தான். மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. வங்கி, லோன் ஆப் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. போனில் உள்ள நம்பர்களை எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் சொல்லலாம்.

மனைவிமார் பலருக்குத் தெரியாத ஒன்று: கையெழுத்துப் போடாத கடனைத் தன் நகையிலிருந்தோ கூலியிலிருந்தோ கட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சீதன நகையை அவர் சம்மதமின்றி அடகு வைப்பது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. இருக்கும் சொத்தை விற்கக் கூடாது, கூட்டு வங்கிக் கணக்கைத் தொடக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். இதற்குப் பெண்கள் உதவி எண் 181-இல் பேசலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் வக்கீல் இலவசம். அதன் தொலைபேசி எண் 15100.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரியுமோ என்று பயப்படுபவர்களும் உண்டு. மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. மாநிலத்தின் ஆன்லைன் சூதாட்டச் சட்டத்தில் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் மனநல உதவி எண் 14416-இல் இரவிலும் தமிழில் பேசுவார்கள். சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் மிரட்டல் என்று தள்ளாமல் அன்றைக்கே அழையுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள்.

பெட்டிங் ஆட்கள் ‘உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தர்றோம்’ என்று வருவது இன்னொரு ஆபத்து. கடனில் இருப்பவருக்கு இது வரப்பிரசாதம் போலத் தெரியும். விசாரணை வந்தால் கணக்கு யார் பெயரிலோ அவர்தான் முதலில் மாட்டுவார். தோற்ற பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களும் மோசடிக்காரர்களே.

பலர் இடையில் ஒருமுறை வழுக்குவார்கள். சம்பள நாள், ஐபிஎல் மாதம், பழைய கூட்டாளியின் கல்யாணத்தில் நடக்கும் சீட்டாட்டம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதான். அந்த நாட்களில் துணைக்கு ஆள் இருக்கட்டும். அப்படியும் ஆடிவிட்டால் எவ்வளவு போனது, பணம் எங்கிருந்து வந்தது என்பதை அன்று இரவே கடன் கணக்கு எழுத உட்கார்ந்த அந்த மூவரில் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவரிடம் அன்றிரவு சண்டை போடாதீர்கள். பணம் வந்த வழியை மட்டும் காலையில் அடைத்துவிடுங்கள்.