இரவுக் கண் – 14: ஜெர்மேனியமும் தோட்டாவும்

டெக்சஸ் ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற விலங்கு ஏன் இரவில் வருகிறது என்று போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் அதைச் சுட எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று சொல்லவேண்டும்.

அதற்கு முன்னால் ஜெர்மேனியம். துப்பாக்கிமேல் பொருத்தும் தெர்மல் ஸ்கோப்பின் முன்பக்க லென்ஸ் கண்ணாடியால் ஆனதல்ல. இந்த ஸ்கோப் பிடிப்பது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான வெப்ப அலைகளை. அவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒரு சுவர். பிக்கப் வண்டிக்குள் ஜன்னலை ஏற்றிவிட்டு ஸ்கோப்பை நீட்டினால், வெளியே நிற்கும் மாடுகூடத் தெரியாது. குளிர் எலும்பைக் குத்தினாலும் ஜன்னலை இறக்கித்தான் ஆகவேண்டும்.

ஜெர்மேனியம் இதற்கு நேர்மாறு. நம் கண்ணுக்கு அது பளபளக்கும் சாம்பல் நிறத் தகடு. வெளிச்சம் துளியும் ஊடுருவாது. வெப்ப அலைகளோ தாராளமாக உள்ளே போகும். இப்படியொரு தனிமம் இருந்தே தீரவேண்டும், அதன் அணு எடை சுமார் 72 இருக்கும் என்று 1871-லேயே எழுதிவைத்தார் மெண்டெலீவ். யாரும் பார்த்திராத பொருள்! 1886-ல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் கிளெமென்ஸ் விங்க்லர் ஒரு வெள்ளித் தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இன்றைய கணக்கில் அணு எடை 72.63. இந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். துத்தநாகச் சுத்திகரிப்பில் உபபொருளாகக் கிடைக்கும் ஜெர்மேனியத்தின் ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்டில் சீனா கட்டுப்பாடு விதித்தது.

தோட்டாவுக்கு வருவோம். தெர்மல் படத்தில் தூரம் பிடிபடாது. நிழலும் இல்லை, ஆழமும் இல்லை. அருகிலிருக்கும் முயலும் தொலைவிலிருக்கும் கொயோட்டியும் ஒரே அளவு வெண்பொட்டுதான். 150 கஜம் என்று நினைத்தது 280 கஜமாக இருந்தால் குண்டு தாழ்ந்து காலில் படும். புதருக்குள் ஓடிய விலங்கு இரவெல்லாம் வதைபடும். ஆகவே அதிகம் தாழாமல் பாயும் தோட்டா வேண்டும். .223 ரெமிங்டன் 55 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் செலுத்தும். அதே எடைக் குண்டை .22-250 ரெமிங்டன் சுமார் 3,680 அடி வேகத்தில் செலுத்தும். .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, 1930-களில் துப்பாக்கிப் பித்தர்கள் தாங்களாகவே செய்துகொண்டது இது. ரெமிங்டன் தன் பெயரில் தயாரிக்கத் தொடங்கியது 1965-ல்.

என் தேர்வு, ஒவ்வொரு முறையும் கையால் குண்டேற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் .22-250. .223 பக்கமும் நியாயம் உண்டு. உதை குறைவு என்பதால் ஸ்கோப் துள்ளாது, குண்டு பட்ட இடம் தெரியும். வரவழைக்க எழுப்பும் கூப்பிடு ஒலிக்கு மூன்று கொயோட்டிகள் சேர்ந்து வந்தால், .223-ஐச் சுடும், தானே குண்டேற்றிக்கொள்ளும் ஏஆர்-15 துப்பாக்கி அடுத்த குண்டை உடனே தரும். காற்று ஓயாத சமவெளியில் கனமான குண்டு போட்ட .243 வின்செஸ்டர் நல்லது.

எதை எடுத்தாலும், ஆட்டுக்குக் காவலாக வளர்க்கும் கிரேட் பிரனீஸ் நாயும் தொலைவில் அதே வெண்பொட்டுதான். அடையாளம் உறுதியாகாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. அந்த உறுதியைத் தருவதில் சென்சாரின் பிக்சல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 384 போதுமா, 640 வேண்டுமா என்பதையும், இந்த வாரம் இடம் கிடைக்காத குழல் நீளத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)