ஈரலினுள் ஒளிந்த நோயும் அதனைக் காட்டும் படமும்

உடலின் புறத்தே தோன்றும் நோயைக் கண் காணும். அகத்தே தோன்றும் நோயைப் பெரும்பாலும் வலி அறிவிக்கும். கண்ணுக்கும் புலனாகாது, வலியாலும் நெடுநாள் தன்னை அறிவியாது வளரும் நோய் ஒன்று உண்டு. அது கல்லீரலின் உள்ளே பரந்துள்ள பித்தக்குழாய்களைப் பற்றும் புற்றுநோயாம். மருத்துவர் அதனைச் சி. டி. ஸ்கேன் கொண்டு அறியுமாற்றை, மருத்துவம் பயிலாத யாம், எம்மைப் போன்றார்க்கு விளங்குமளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஈரலிற் சுரக்கும் பித்தநீர், மரக்கிளைகள்போற் பரந்த நுண்குழாய்களிற் சேர்ந்து, பின் பெருங்குழாய் ஒன்றின் வழியே குடலை அடைகின்றது. பெருங்குழாய் அடைபடின் கண்ணும் மேனியும் மஞ்சளிக்கும்; நோயாளி விரைந்து மருத்துவரை நாடுவர். உள்ளே ஒரு கிளை மட்டும் அடைபடின், ஏனைய கிளைகள் தம் தொழிலை ஆற்றிவருதலின், குறி யாதும் தோன்றாமலே நோய் முற்றும். இதுவே இதன் வஞ்சனை.

உலகில் இந்நோய் மிக்குள்ள நிலம் தாய்லாந்தின் வடகீழ்ப் பகுதியாகிய ஈசான் என்பது. ஆற்றுமீனைப் பச்சையாக உண்ணும் வழக்கம் அங்கு உண்டு. அம்மீன் வழியாக உடலிற் புகும் ஒருவகைத் தட்டைப்புழு, பித்தக்குழாயிற் பல்லாண்டு தங்கி அதனைப் புண்படுத்தும். ஆங்குள்ள கொன் கேன் பல்கலைக்கழகத்தார் ஊர்மக்களை முதலில் ஒலியலைக் கருவியாற் சோதித்து, ஐயமுற்றோரைச் சி. டி. சோதனைக்கு அனுப்புகின்றனர்.

1895-இல் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர்ப் படத்தில் உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தோன்றும். ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயர் அமைத்த கருவியோ, கதிரைப் பல திசையினின்றும் செலுத்தி, கணக்கினால் உடலைத் துண்டு துண்டாகக் காட்டுவது. அது 1971-இல் லண்டனில் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது.

எனினும் துண்டுப் படம் மட்டும் போதாது. என்னை? ஈரலில் தோன்றும் கட்டிகள் பலவும் ஒருநிறத்தனவாய்த் தோன்றும். ஆதலின் அயோடின் கலந்த மருந்தை இரத்தக்குழாயிற் செலுத்தி, மூன்று முறை படம் எடுப்பர்: ஏறக்குறைய 35 விநாடியில் ஒன்று, 70 விநாடியில் ஒன்று, 3 முதல் 5 நிமிடம் கழித்து ஒன்று. ஈரலின் அணுக்களிலேயே தோன்றும் வேறொரு புற்றுநோய், முதற் படத்திற் பளிச்சென ஒளிர்ந்து, பின்னர் மங்கிவிடும். பித்தக்குழாய்ப் புற்றிலோ நாரிழைகள் மிகுதி. மருந்து அதனுள் மெல்லவே ஊறும். முதற் படத்தில் விளிம்பு மட்டும் ஒளிரும். சுற்றியுள்ள ஈரல் மங்கிய பின்னரே நடுவிடம் விளங்கித் தோன்றும். அதனோடு, கட்டிக்கு அப்பாலுள்ள குழாய்கள் வீங்கியிருத்தலும், ஈரலின் மேற்புறம் உள்வாங்கியிருத்தலும் இந்நோயின் அடையாளங்களாம்.

இவ்வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. இரண்டற்கும் சிகிச்சை வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின் உயிருக்கே இடையூறாம். கட்டி பெருங்குழல்களைச் சூழ்ந்ததா, அதனை அறுத்து நீக்கின் எஞ்சும் ஈரல் போதுமா என்பனவும் இப்படங்களாலேயே பெரிதும் துணியப்படும். முழுதும் குணமாதற்கு அறுவை முறையே தலையாய வழியாதலின், காலத்தே காண்டல் இன்றியமையாதது.

படமே முடிந்த முடிபு என்று கொள்ளற்க. குடல் முதலிய உறுப்புகளிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றும் இவ்வாறே தோன்றுதல் கூடும். ஆதலின் வேண்டுமிடத்து ஊசியால் சிறிது தசை எடுத்து நுண்ணோக்கியிற் காண்பர்.

முதற் படத்தில் மறைந்தது இறுதிப் படத்தில் வெளிப்படுகின்றது. சில நிமிடம் பொறுத்திருந்து காணும் மருத்துவர் உண்மையை அறிகின்றார். மக்களாகிய நாமோ பொறுத்திருத்தல் ஆகாது. வலியில்லை என்பது கொண்டு நோயில்லை என்று எண்ணாது, ஐயம் தோன்றிய அன்றே மருத்துவரை அணுகுதல் கடனாம்.