ரெண்டு பேருமே ‘மேனேஜர்’தான்... ஆனா சம்பளம் ஏன் வேற?

இந்தியன் வங்கியில ஒருத்தர் மேனேஜர். ஸ்டேட் பேங்க்ல இன்னொருத்தர் மேனேஜர். ரெண்டு பேரும் ஒரே லெவல்தானே? இல்லை. முதல் ஆள் ஸ்கேல் 2, அடுத்தவர் ஸ்கேல் 3. ஸ்டேட் பேங்க்ல ஸ்கேல் 2-க்குப் பேரு ‘டெபுடி மேனேஜர்’. 2022 நவம்பரிலிருந்து கணக்கிடப்படும் ஊதிய ஒப்பந்தப்படி ஸ்கேல் 2 அடிப்படைச் சம்பளம் 64,820 ரூபாயில் ஆரம்பிக்குது; ஸ்கேல் 3, 85,920-ல். விசிட்டிங் கார்டுல ஒரே வார்த்தை, ஆரம்பத்திலேயே மாசம் 21,100 ரூபாய் வித்தியாசம்.

அரசு வங்கிகளுக்கு ஸ்கேல் நம்பர் பொதுவா இருக்கறதால இதைக் கண்டுபிடிக்கறது சுலபம். ஐ.டி. பக்கம் அந்தப் பொது அளவுகோலே கிடையாது. காலேஜ் முடிச்சு நேரா சேர்ற இன்ஜினியர் அமேசான்ல எல்4, கூகுள்ல எல்3. நம்பரை மட்டும் பார்த்து ‘ஒரு படி மேல’ன்னு சந்தோஷப்பட்டா ஏமாந்துதான் போகணும். இந்தக் குழப்பத்துக்காகவே 2017-ல் அமெரிக்காவில் ‘லெவல்ஸ் எஃப்ஒய்ஐ’ங்கிற தளம் வந்துச்சு. அவங்களே ரொம்ப நாள் கூகுள் ஷீட்டைத்தான் டேட்டாபேஸா வச்சு ஓட்டினாங்க. அப்போ நம்ம ரெண்டு ஆஃபருக்கு ஒரு ஷீட் போதாதா?

ஒரு வரிக்கு ஒரு பதவி. கம்பெனி, பதவிப் பேர், பொது லெவல், குறைந்தபட்சச் சம்பளம், அதுக்கும் அதிகபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்: இந்த அஞ்சும்தான் நெடுவரிசை. கடைசி ரெண்டுக்கும் ஸ்டாக்டு பார் சார்ட் போடுங்க. குறைந்தபட்சத்தோட பட்டைக்கு ஒபாசிட்டியை பூஜ்யம் ஆக்கிட்டா அது மறைஞ்சிடும். மிச்சப் பட்டை அந்தரத்துல மிதக்கும். அதுதான் அந்தப் பதவியோட சம்பள பேண்ட். அப்புறம் டேட்டா மெனுவில் ஸ்லைசர் சேர்த்து, ‘பொது லெவல்’ மேல வைங்க. 2-ஐ மட்டும் டிக் பண்ணினா இந்தியன் வங்கி மேனேஜரும் ஸ்டேட் பேங்க் டெபுடி மேனேஜரும் ஒரே நீளத்துல, ஒரே இடத்துல வந்து நிப்பாங்க.

இப்போ ஸ்லைசரை எடுத்துட்டுப் பாருங்க, சுவாரஸ்யமே இங்கதான். ஸ்கேல் 1 பட்டை 48,480-லிருந்து 85,920 வரை போகுது. ஸ்கேல் 3 ஆரம்பிக்கறதே அந்த 85,920-லதான்! அதாவது, பதவி உயர்வே வாங்காம ஸ்கேல் 1 உச்சியைத் தொட்டவரும், ரெண்டு படி ஏறினவரும் அடிப்படைச் சம்பளத்துல ஒரே புள்ளியில நிக்க முடியும். ஆனா ஒருத்தருக்கு அந்த ஸ்கேலுக்குள்ள மேல இடமில்லை. இன்னொருத்தருக்கு 1,05,280 வரை இருக்கு. ஆஃபர் லெட்டர்ல வர்ற ஒத்தை நம்பர் இதை எப்பவும் காட்டாது.

தனியார் கம்பெனிக்கு ‘பொது லெவல்’ நீங்கதான் நிரப்பணும். அந்த வேலைக்குக் கேக்கற அனுபவம், யாருக்கு ரிப்போர்ட் பண்றீங்க, உங்க கீழ எத்தனை பேர்னு பாருங்க. பதவிப் பேரைப் பார்க்காதீங்க. சி.டி.சி.-யை அப்படியே போடவும் வேண்டாம். அதுக்குள்ள கம்பெனி கட்டற 12% பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்துல 4.81% கிராஜுவிட்டி எல்லாம் ஒளிஞ்சிருக்கும்.

ஊருக்கும் ஒரு ட்ராப்டவுன் அவசியம். அடி அண்ணாமலையில் சொந்த வீடு, மத்திய அரசு வேலை, லெவல் 6, அடிப்படை 35,400னு வச்சுக்குவோம். 7-வது ஊதியக் குழு கணக்குல சென்னையில் வீட்டு வாடகைப் படி 30%, அதாவது 10,620. திருவண்ணாமலைக்கு மாற்றல் வாங்கினா 10%, 3,540தான். மாசம் 7,080 குறையும். ஆனா சென்னையில வாடகை எவ்வளவு கட்டறீங்க? அதையும் கழிச்சுட்டு சார்ட்டைப் பாருங்க; கிரிவலப் பாதையோரம் இருக்கற பட்டைதான் நீளமா தெரியலாம்.

அடுத்த தடவை எச்.ஆர். ஃபோன் பண்ணி “எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?”ன்னு கேட்டா, நீங்க முதல்ல கேளுங்க: “இந்த லெவலோட பேண்ட் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, சார்?”