வன்னியர் மரபும் நிலமும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலே நூற்றாண்டுகள் பல கண்ட பெருமனைகள் இன்றும் நிற்கின்றன. மனையும் அதனைச் சூழ்ந்த நிலமும் மூத்த மகனுக்கே சேரும் என்பது அங்கு நிலவிய வழக்கு. உடைமை கூறுபடாமையால் குடும்பத்தின் பெயரும் நிலைத்தது. 1894 ஆம் ஆண்டில் புதிய மரணவரி வந்தபின் அம்மனைகளைக் காப்பது அரிதாயிற்று. மனையைத் தேசிய அறநிலையத்துக்கு அளித்துவிட்டு, உரியவர் அதிலேயே தொடர்ந்து வாழ்வதற்கு 1937 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

ஈழத்து வன்னிப் பெருநிலத்திலும் மண்ணோடு ஒன்றிய தலைமைக் குடிகள் இருந்தன. அவர்களே வன்னியர், அக்குடிப் பெண்டிர் வன்னிச்சியர் எனப்பட்டனர். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, மேல்பற்று என்பன வன்னியின் பழைய பற்றுகளுட் சில. அத்தலைவர்களின் வளம் மாடமாளிகைகளில் அன்று, குளத்திலும் வயலிலும் காட்டிலுமே இருந்தது. யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். வன்னியர் செலுத்த வேண்டிய திறை யானைகளாகவே கேட்கப்பட்டது. திறை நிலுவையாகவே, பிணக்கு முற்றியது. 1782 இல் ஒல்லாந்தர் படைகொண்டு வன்னியை அடக்கினர்.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1803 ஆகஸ்டு 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு அக்டோபர் 31 இல், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேக்கின் படை அவனைத் தோற்கடித்தது. வன்னியரின் ஆட்சி அத்துடன் மங்கியது. 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டமோ, உரிமை காட்டப்படாத காடுகளையும் தரிசுகளையும் அரசுக்கு உரியனவாக்கிற்று. ஓலையும் உறுதியும் இல்லாத பழைய உரிமை, புதிய சட்டத்தின்முன் நிற்கவில்லை.

இங்கிலாந்தின் தேசிய அறநிலையம் தோன்றியது 1895 இல். அதே ஆண்டில், ஆங்கில அரசின் உத்தியோகத்தரான ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல் வெளிவந்தது. அங்கே மனைகளுக்குக் காவல் அமைந்தது. இங்கே, ஆட்சியைப் பறித்த அரசின் உத்தியோகத்தரே அக்குடிகளின் வரலாற்றையும் ஏட்டில் வைத்தார். எனினும் வன்னி மக்கள் அந்த ஏட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. பண்டாரவன்னியனின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். வவுனியா நகரிலே அவனுக்குச் சிலையும் எடுத்தனர். மனை நில்லாவிடத்தும், மக்கள் மறவாதவரையில் மரபு அழிவதில்லை.